கள்ளிச்செடில பழுப்பு புள்ளி: அழுகலா, வெயில் சுட்டதா, வயசா?

வேளச்சேரி பால்கனி
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல கோல்டன் பேரல் கள்ளி ஒண்ணு இருக்கு, உருண்டையா மஞ்சள் முள்ளோட வருமே அதான், ஆறு இஞ்ச் தொட்டில. அப்பா ஆசையா வாங்கிட்டு வந்தது. ரெண்டு வருஷமா ஹால் ஜன்னல் பக்கத்துல நல்லா இருந்துச்சு, போன மாசம் வீடு பெயின்ட் அடிக்கிறப்ப பால்கனிக்கு மாத்தினோம், அங்கயே இருக்கட்டும்னு விட்டாச்சு. இப்போ ஒரு பக்கம் மட்டும் பெரிய பழுப்பு திட்டு வந்திருக்கு. அடிலயும் சுத்தி பழுப்பா இருக்கு, அது எப்போலேந்துனு சரியா கவனிக்கல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஃபங்கஸ்னு சொல்றாங்க, நர்சரில கேட்டா தண்ணி ஜாஸ்தினு சொல்றாங்க, நெட்ல பாத்தா தண்ணி கம்மினு போட்டிருக்கு. இது பரவுமா, அந்த இடத்த வெட்டி எடுக்கணுமா, மறுபடி பச்சையாகுமா? போட்டோ போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாடித்தோட்ட மணி
சகோ ஃபங்கஸா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாஃப்னு பூஞ்சை மருந்து பவுடர், ஒரு லிட்டருக்கு ரெண்டு கிராம் கலந்து சாயங்காலமா அடிங்க, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ. தண்ணிய நிறுத்திடுங்க.

முள்வனம் (கோவை)
தண்ணிய நிறுத்துங்கனு மணி அண்ணா சொன்னத அப்படியே செய்ங்க, அது எந்த பிரச்சனையா இருந்தாலும் சரிதான். ஆனா மருந்து எதையும் இப்ப அடிக்காதீங்க. கள்ளில பழுப்புங்கறது ஒரு நோயோட பேர் இல்லைங்க, அது காயத்தோட நிறம். வெயில் சுட்டாலும் பழுப்பு, அழுகினாலும் பழுப்பு, சிலந்திப்பேன் சாறு உறிஞ்சினாலும் பழுப்பு, ஒண்ணுமே இல்லாம வயசாகுறப்பவும் பழுப்பு. போட்டோவ மட்டும் பாத்து மருந்து சொன்னா பாதி நேரம் தப்பாதான் போகும்.

மொதல்ல பென்சிலோட பின்பக்கத்த வெச்சு அந்த பழுப்பு இடத்த லேசா அழுத்திப் பாருங்க, விரல்ல முள்ளு குத்திடும். பக்கத்துல பச்சையா இருக்க இடத்தயும் அதே மாதிரி அழுத்துங்க. ரெண்டும் ஒரே கெட்டியா இருக்கா, இல்ல பழுப்பு இடம் மட்டும் உள்ள அமுங்குதா? ஈரமா கசியுதா, மோந்து பாத்தா புளிச்ச வாடை வருதா?

அப்புறம் அந்த திட்டு எந்த திசைய பாத்து இருக்கு, உங்க பால்கனி எந்த பக்கம்? பழுப்பாகுறதுக்கு முன்னாடி அந்த இடம் வெளுத்து மஞ்சளாவோ வெள்ளையாவோ இருந்துச்சா? உச்சில, புது முள்ளு வர்ற நடு இடம் எப்படி இருக்கு? இது எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஒரு மார்க்கர் எடுத்து திட்டோட ஓரத்துல, பச்சை ஆரம்பிக்கிற இடத்துல, சின்னதா ஒரு கோடு போட்டு வைங்க. ஒரு வாரத்துல கோட்ட தாண்டுதானு பாக்கலாம். பரவுதா இல்லையாங்கறத கண்ணு ஞாபகத்துல வெச்சு சொல்லவே முடியாது, பயத்துல பாக்குறப்ப எல்லாமே பெருசான மாதிரிதான் தெரியும்.

வேளச்சேரி பால்கனி
ரொம்ப நன்றிக்கா. அழுத்திப் பாத்தேன், திட்டு காஞ்சு கெட்டியா இருக்கு, பச்சை இடத்த விட கெட்டினே சொல்லலாம், ஈரம் வாடை எதுவும் இல்ல. பால்கனி மேற்கு பாத்தது, மத்தியானம் ரெண்டு மணிலேந்து நேர் வெயில், திட்டும் கரெக்டா அந்த பக்கம்தான். மொதல்ல வெளுத்த மாதிரி ஆச்சுனு அம்மா சொல்றாங்க. அடிப்பக்கம் இருக்கறது வேற மாதிரி, மரப்பட்டை மாதிரி சொரசொரப்பா தொட்டிய சுத்தி ஒரே உயரத்துக்கு இருக்கு. உச்சில புது முள்ளு நல்ல மஞ்சளா வருது.

முள்வனம் (கோவை)
அப்படின்னா உங்க செடில ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, ரெண்டுமே அழுகல் இல்ல. அப்பாகிட்ட சொல்லிடுங்க, செடி பிழைச்சுக்கும்.

மேற்கு பக்க திட்டு வெயில் சுட்டது. கள்ளின்னாலே பாலைவனம், எவ்ளோ வெயிலும் தாங்கும்னு நினைச்சுக்கறோம், ஆனா நம்ம கைக்கு வர்ற கள்ளி பாலைவனத்துல வளந்தது இல்லைங்க, நர்சரில ஷேட் நெட்டுக்கு அடில வளந்தது. அதுக்கப்புறம் உங்க வீட்ல ரெண்டு வருஷம் ஹாலுக்குள்ள. அந்த தோலுக்கு நேர் வெயில் பழக்கமே இல்ல. மேற்கு பால்கனில நேர் வெயில் மட்டும் இல்ல, சுவரும் தரையும் குடிச்சு வெச்ச சூடு ராத்திரி எட்டு மணி வரைக்கும் திருப்பி அடிக்கும். மொதல்ல பச்சையம் செத்து வெளுக்கும், அப்புறம் மேல்தோல் காஞ்சு பழுப்பாகும். ஒரு திசைல மட்டும் இருக்கறது, வெளுத்துட்டு பழுப்பானது, கெட்டியா காஞ்சு இருக்கறது, இந்த மூணும் சேந்து வந்தா சந்தேகமே வேண்டாம்.

அந்த திட்டு பச்சையாகாது. கள்ளிக்கு தோல்தான் இலை, செத்த தோல் செத்ததுதான், ஆனா செடி உச்சிலேந்து வளர்றதால வருஷம் போகப் போக அந்த வடு கீழ இறங்கிடும். வெட்டிடாதீங்க, நல்லா காஞ்சு மூடியிருக்க காயத்த நீங்க கத்தி வெச்சு தெறந்தா அதுலதான் நிஜமான அழுகல் உள்ள போகும்.

அடிப்பக்கம் இருக்கறது வயசு. தண்டு முத்தி பட்டை கட்டுறது, கார்க்கிங்னு சொல்வாங்க. அடிலேந்து ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறும், சுத்தி சமமா இருக்கும், காஞ்சு சொரசொரனு இருக்கும். அமெரிக்கால அரிசோனா பக்கம் நிக்கிற பெரிய சாவாரோ கள்ளிக்கெல்லாம் அடிமரம் இப்படித்தான் பட்டை கட்டியிருக்கும். இதுக்கு வைத்தியமே கிடையாது, தேவையும் இல்ல. அடில இருந்தாலும் ஒரே பக்கம் மட்டும் இருக்கு, கருப்பா இருக்கு, ஈரமா இருக்கு, ரெண்டு மூணு நாள்ல மேல ஏறுதுன்னா மட்டும் அது பட்டை இல்ல, அழுகல்.

இப்ப செய்ய வேண்டியது: மறுபடி ஹால் ஜன்னலுக்கு கொண்டு போங்க, கிழக்கு ஜன்னல் இருந்தா இன்னும் நல்லது, காலை வெயில் எவ்ளோ கிடைச்சாலும் சரி. பின்னால வெளிய வெக்கணும்னா பச்சை வலைக்கு அடில ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா வெயில் ஏத்துங்க. தொட்டிய இடம் மாத்துறப்ப எந்த பக்கம் வெயில பாத்து இருந்துச்சோ அந்த பக்கம் சாக்பீஸ்ல ஒரு குறி போட்டு புது இடத்துலயும் அதே பக்கம் வெயிலுக்கு காட்டுங்க. வெயில் படாம மறைஞ்சிருந்த பக்கத்த திடீர்னு மேற்குல திருப்பினா ஒரே மத்தியானத்துல சுட்டுடும்.

மாடித்தோட்ட மணி
அக்கா சொல்றது சரிதான், கெட்டியா இருக்குனா அழுகல் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம், வெயில் சுட்ட இடம் பலவீனமான இடம், சென்னைல அக்டோபர்ல மழை புடிச்சா அந்த இடத்துலதான் மொதல்ல பூஞ்சை ஏறும், எங்க மாடில நெறைய பாத்திருக்கேன். அதனால முன்கூட்டியே ஒரு தடவ அடிக்கறதுல என்ன தப்பு?

முள்வனம் (கோவை)
மாடில மழைல நனையற செடின்னா உங்க பக்கம் நியாயம் இருக்குங்க அண்ணா. வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி காப்பர் ஆக்ஸிகுளோரைட் லிட்டருக்கு ரெண்டரை கிராம் அடிக்கறத நானே செய்றேன், அது மேல படிஞ்சு நின்னு காக்கும். ஆனா இவங்க செடி ஹாலுக்குள்ள, மழையே படாது. சாஃப்ல மேன்கோசெப்போட கார்பன்டாசிமும் இருக்கு, அது செடிக்குள்ள போற மருந்து, தேவையில்லாம அடிச்சுக்கிட்டே இருந்தா பூஞ்சை அதுக்கு பழகிடும், அப்புறம் நிஜமா வேணுங்கறப்ப கேக்காது. வீட்டுக்குள்ள, குழந்தைங்க நடமாடுற இடத்துல, காரணம் இல்லாம மருந்து வேண்டாங்கறதுதான் என் கருத்து. மழைக்கு கூரைக்கு அடில எடுத்து வெச்சாலே போதும்.

மாடித்தோட்ட மணி
வீட்டுக்குள்ளனா சரிதான்க்கா.

திருச்சி தாரணி
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என்கிட்ட மூன் கேக்டஸ் இருக்கு, மேல செகப்பு உருண்டை, கீழ பச்சை மூணு பட்டை தண்டு. ரெண்டும் சேர்ற இடத்துல பழுப்பா இருக்கு, அழுத்தினா அமுங்குது. நேத்து விட இன்னிக்கு பெருசா இருக்கு. மஞ்சத்தூள் வெச்சிருக்கேன், போதுமா?

முள்வனம் (கோவை)
தாரணி, போதாதும்மா, உங்களுது அவசரம். இன்னிக்கே பாருங்க. அமுங்குது, ஒரே நாள்ல பெருசாகுதுன்னா அது அழுகல்தான், உள்ள நடக்கறத வெளில வெக்கற மஞ்சளும் லவங்கப்பட்டை பொடியும் நிறுத்தாது.

மூன் கேக்டஸ்னு விக்கறது ஒரு செடி இல்ல, ரெண்டு செடி. மேல இருக்கறது ஜிம்னோகாலிசியம்னு ஒரு கள்ளி, அதுல பச்சையமே கிடையாது, அதான் செகப்பு. 1940கள்ல ஜப்பான்ல நாத்துல இப்படி வந்தத ஒட்டு போட்டு காப்பாத்தினாங்க, அங்கேந்துதான் உலகம் பூரா போச்சு. கீழ இருக்கறது டிராகன் ஃப்ரூட் வகை தண்டு, அதுதான் சோறு போடுது. அதனால மேல இருக்கறத தனியா மண்ணுல நட்டா வேர் விட்டாலும் பிழைக்காது.

கத்திய சர்ஜிகல் ஸ்பிரிட்ல துடைச்சிட்டு செகப்பு உருண்டைய அதோட அடில வெட்டுங்க. வெட்டின முகத்த நல்லா வெளிச்சத்துல பாருங்க, நடுவுல ஒரு வட்டம் தெரியும், அது செடியோட குழாய். அந்த வட்டமோ அத சுத்தின சதையோ பழுப்பு, ஆரஞ்சு, கருப்புனு ஒரு புள்ளி இருந்தாலும் அழுகல் இன்னும் மேல இருக்குனு அர்த்தம், கத்திய மறுபடி துடைச்சிட்டு இன்னொரு மெல்லிசு சீவல் எடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கணும், இல்லன்னா நோய நீங்களே மேல ஏத்தி விடுவீங்க. புள்ளியே இல்லாத சுத்தமான சதை வந்தா காப்பாத்தலாம். ஒரு நல்ல டிராகன் ஃப்ரூட் தண்டு வாங்கி அதையும் அப்பவே நேரா வெட்டி, ரெண்டு வட்டமும் கொஞ்சமாவது ஒண்ணு மேல ஒண்ணு படுற மாதிரி ஒட்டி வெச்சு, ரப்பர் பேண்ட் போட்டு நெழல்ல வைங்க. வெட்டு முகம் காயறதுக்குள்ள ஒட்டணும். ரெண்டு வாரம் அசைக்காதீங்க, வெட்டு மேல தண்ணி படக்கூடாது.

சாதாரண கள்ளின்னா இதுவே தலைகீழ். அழுகின அடிய வெட்டி எறிஞ்சிட்டு, நல்ல மேல்பாகத்த காத்தோட்டமா நெழல்ல ரெண்டு வாரம் போல காய வெக்கணும், வெட்டு மேல கெட்டியா தோல் கட்டின பிறகுதான் காஞ்ச மண்ணுல நடணும். வெட்டின இடத்துல கந்தகத்தூள் தடவறது நல்லது.

சேலம் செல்வா
நான் இப்படி வெட்டிப் பாத்தப்ப பாலா ஊத்துச்சுங்க, அது எந்த நோய்?

முள்வனம் (கோவை)
செல்வா, அது நோய் இல்ல, உங்க செடி பெரும்பாலும் கள்ளி இனமே இல்ல, சதுரக்கள்ளி திருகுகள்ளி மாதிரி யூஃபோர்பியா குடும்பம். நம்ம ஊர்ல ரெண்டையும் கள்ளினுதான் சொல்றோம். அந்த பால் கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, கையுறை போட்டுதான் வெட்டணும், பட்டுட்டா நெறைய தண்ணில கழுவிட்டே உடனே டாக்டர்கிட்ட போகணும். பால் வந்தாலே யூஃபோர்பியானும் முடிவு பண்ணிட முடியாது, மாமிலேரியானு நிஜ கள்ளி இனம் ஒண்ணு இருக்கு, அதுல சில வகைலயும் பால் வரும். முள்ளு ஒரு பஞ்சு மாதிரி மெத்தைலேந்து கொத்தா கிளம்புனா அது நிஜ கள்ளி.

சேலம் செல்வா
பஞ்சு இல்லைங்க, அப்ப யூஃபோர்பியாதான். இன்னொரு கள்ளி இருக்கு, அதுல பஞ்சு இருக்கு. அதுல உச்சிலேந்து துரு புடிச்ச மாதிரி பொடிப்பொடியா பழுப்பு எறங்குது, கெட்டியாதான் இருக்கு. வெயிலே படாத ஆபீஸ் ரூம், ஏசி.

முள்வனம் (கோவை)
உச்சிலேந்து எறங்குற துரு நிறம், காஞ்ச ஏசி காத்து... சிலந்திப்பேனா இருக்கும்ங்க. வயசுல வர்ற பட்டை அடிலேந்து ஏறும், சிலந்திப்பேன் உச்சில மெத்துனு இருக்க புது வளர்ச்சியத்தான் மொதல்ல உறிஞ்சும். ஒரு வெள்ளை பேப்பர கீழ புடிச்சு செடிய நாலு தட்டு தட்டுங்க, தூசி மாதிரி விழும், ஒரு நிமிஷம் பாருங்க, தூசி நடந்து போச்சுனா அதுதான். முள்ளுக்கு நடுவுல மெல்லிய வலையும் இருக்கலாம்.

இது பூச்சி இல்ல, சிலந்தி இனம், அதனால கடைல பொதுவா குடுக்கற இமிடாகுளோப்ரிட் பூச்சிமருந்து இதுக்கு வேலை செய்யாது, அடிச்சா சிலந்திப்பேன் இன்னும் பெருகவும் செய்யும். மொதல்ல குழாய் தண்ணிய வேகமா பீச்சி நல்லா கழுவி காய விடுங்க. அப்புறம் நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு ரெண்டு கிராம், இல்ல வேப்ப எண்ணெய் அஞ்சு மில்லி கொஞ்சம் சோப்பு கரைசலோட, ரெண்டுல ஒண்ணு மட்டும், ரெண்டையும் ஒண்ணா அடிச்சா செடி கருகிடும். முட்டை பொரிச்சு வரும், அதனால ஒரு வாரம் விட்டு இன்னும் ரெண்டு தடவ. பொழுது சாஞ்ச பிறகு அடிங்க, எண்ணெய் மேல வெயில் பட்டா அதுவே புது பழுப்பு புள்ளிய கொண்டு வரும். நீலச்சாம்பல் பூத்த மாதிரி தோல் இருக்க கள்ளிக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த மெழுகு பூச்சு கரைஞ்சு போயிடும், திரும்ப வராது.

வைகைக்கரை
எங்க வீட்ல பழுப்பு புள்ளிய நகத்தால சுரண்டினா உதிர்ந்து வருது, அடில பச்சையா இருக்கு. சப்பாத்திக்கள்ளில வெள்ள பஞ்சு மாதிரி வேற, நசுக்கினா ரத்தமா வருது, அம்மா பயந்துட்டாங்க.

முள்வனம் (கோவை)
சுரண்டினா வர்றது செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ல சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு தேச்சு எடுங்க, சாயங்காலமா.

சப்பாத்திக்கள்ளில செகப்பா வர்றது ரத்தம் இல்ல, கொச்சினீல் பூச்சியோட சாயம், அம்மாகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. இதுக்கு நம்ம நாட்ல ஒரு பெரிய கதையே இருக்கு. 1795ல சாயம் எடுக்கலாம்னு பிரேசில்லேந்து இந்த பூச்சிய கொண்டு வந்தாங்க, வந்தது வேற இனம், சாயம் சரியா வரல, ஆனா அது ஒரு வகை சப்பாத்திக்கள்ளிய அழிச்சிடுச்சு. அப்புறம் 1926ல இலங்கைலேந்து இன்னொரு இனத்த கொண்டு வந்து தென்னிந்தியால காடா மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளிய கட்டுப்படுத்தினாங்க. காட்ட அழிச்ச பூச்சிங்க அது, உங்க ஒரு தொட்டி செடி அதுக்கு எம்மாத்திரம். பைப் தண்ணிய வேகமா அடிச்சு கழுவி, ஸ்பிரிட் தடவி, மத்த செடிலேந்து தள்ளி வைங்க.

டொரண்டோ ஈழவன்
நானும் ஒண்டு சொல்லுறன். இஞ்ச குளிர்காலத்தில யன்னல் கண்ணாடியோட முட்டிக்கொண்டு நிண்ட பக்கம் மட்டும் தண்ணி ஊறின மாதிரி கறுத்து, பிறகு பழுப்பாக் காஞ்சு போச்சுது. கண்ணாடியில இருந்து ஒரு சாண் தள்ளி வச்சாப்பிறகு பிரச்சினை இல்ல. நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும் தண்ணி அநேகமா இல்லையெண்டே சொல்லலாம்.

முள்வனம் (கோவை)
குளிர் சுட்டாலும் அதே மாதிரிதான் வரும்ங்க, நம்ம ஊர்ல ஊட்டி கொடைக்கானல்காரங்க இத கவனிக்கணும்.

வேளச்சேரி பால்கனி
அக்கா செடிய ஹாலுக்கு மாத்தியாச்சு, மார்க்கர் கோடு போட்ட இடத்த தாண்டவே இல்ல! அப்பாக்கு ரொம்ப சந்தோஷம். இனிமே வராம இருக்க தண்ணி எப்படி விடணும்? வாரம் ஒரு தடவனு எல்லாரும் சொல்றாங்க.

மாடித்தோட்ட மணி
வாரம் ஒரு தடவ கால் டம்ளர், எனக்கு இதுதான் கணக்கு.

முள்வனம் (கோவை)
இதுல மட்டும் நான் மணி அண்ணாவோட ஒத்துப்போக மாட்டேன். மாடில காத்துலயும் வெயில்லயும் இருக்க தொட்டி வாரத்துல காஞ்சிடும், ஹாலுக்குள்ள இருக்கறது மூணு வாரம் ஆனாலும் நடுவுல ஈரமா இருக்கும், ரெண்டுக்கும் ஒரே காலண்டர் எப்படி சரி வரும். ஒரு மூங்கில் குச்சிய அடி வரைக்கும் விட்டு எடுங்க, மண் ஒட்டிட்டு வந்தா தண்ணி வேண்டாம். முழுசா காஞ்சிருந்தா கால் டம்ளர் இல்ல, அடி ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்துங்க, வழிஞ்சத கொட்டிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா மேல் மண்ணு மட்டும் எப்பவும் ஈரமா இருக்கும், தண்டோட கழுத்து அழுகறது அங்கதான். செடி தலைல ஊத்தாதீங்க, போர் தண்ணியா இருந்தா உப்பு படிஞ்சு அதுவும் திட்டாதான் தெரியும்.

கத்திரி வெயில் சமயத்துல தண்ணிய குறைங்கனு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. கள்ளி ராத்திரி குளிர்ச்சிலதான் தன் துளைய தெறந்து மூச்சு விடும். சென்னைல மே மாசம் ராத்திரியும் புழுங்குது, செடி பாதி தூக்கத்துல இருக்கும், ஊத்துன தண்ணிய குடிக்காது, அந்த சூட்டுல ஈர மண்ணு இருந்தா வேர் வெந்து அழுகிடும்.

அழகுக்குனு வெளில ஒரு பீங்கான் தொட்டி வெச்சிருக்கீங்களா, அதுக்கு அடில ஓட்டை இருக்கானு உடனே பாருங்க. வீட்டுக்குள்ள கள்ளி சாகறதுக்கு நான் பாத்ததுல பெரிய காரணம் அந்த ரெண்டாவது தொட்டில தேங்கி நிக்கிற தண்ணிதான். மேல கூழாங்கல்ல பசை போட்டு ஒட்டி விக்கறாங்க இல்லையா, அத ஒடச்சு எடுத்துடுங்க, மண்ணு காயவும் விடாது, காஞ்சிருக்கானு பாக்கவும் விடாது.

வேளச்சேரி பால்கனி
கல்லு ஒட்டித்தான் இருக்குக்கா, பீங்கான் தொட்டியும் இருக்கு, ஓட்டை இல்ல. அப்போ இப்பவே மண்ணு மாத்திடட்டுமா?

முள்வனம் (கோவை)
கல்லயும் பீங்கான் தொட்டியயும் இன்னிக்கே எடுத்துடுங்க. மண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, நல்லா காஞ்ச பிறகு. நியூஸ்பேப்பர நாலா மடிச்சு செடிய சுத்தி புடிச்சு தூக்குங்க, முள்ளு ஒடையாது. வேர சுத்தி தேங்காநார் கட்டி ஒண்ணு இருக்கும், நர்சரில கோகோபீட்லதான் வளக்கறாங்க, அது நடுவுல ஈரத்த புடிச்சு வெச்சுக்கும், ஒரு தடவ முழுசா காஞ்சிட்டா தண்ணிய உள்ளயே விடாது, ரெண்டுமே கெடுதல். பொறுமையா உதிர்த்து எடுங்க. வேர்ல வெள்ள மாவு இருந்தா வேர் மாவுப்பூச்சி, கழுவி காய வெச்சுட்டுதான் நடணும்.

புது மண்ணுக்கு செம்மண் ஒரு பங்கு, மக்குன உரம் ஒரு பங்கு, ஒடச்ச செங்கல் ஜல்லியோ கழுவி சலிச்ச பெரிய மணலோ ரெண்டு பங்கு. எம் சாண்டா இருந்தா தூள் போற வரைக்கும் கழுவுங்க, அந்த தூள் சிமென்ட் மாதிரி இறுகிடும். கடல் மணல் வேண்டாம், உப்பு. யூரியா வேண்டாம், தண்டு தளதளனு ஊதி அழுகலுக்கு வழி விடும். மண் தொட்டிதான் நல்லது, செடிய விட ரெண்டு விரல் அகலம் இருந்தா போதும். நட்டதும் தண்ணி ஊத்தாதீங்க, அறுந்த வேர் ஆற ஒரு வாரம் விட்டு ஊத்துங்க. சாக்பீஸ் குறி போட மறந்துடாதீங்க, இல்லன்னா நட்டு முடிச்ச பிறகு எந்த பக்கம் ஜன்னல பாத்து இருந்துச்சுனு தெரியாது.